மூச்சு பழகும் சாலை

பொலிவியாவுக்கு விமானத்தில் போகிறவர்களில் பலர் எல் ஆல்ட்டோவில் இறங்குகிறார்கள். லா பாஸ் நகரத்துக்கான அந்த விமான நிலையம் 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் நெஞ்சு படபடக்கும். இரவில் தலை விண்விண்ணென்று தெறிக்கும், சோறு இறங்காது. 'சொரோச்சே' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மலைநோய் இது. ஆசையாக வந்தவருக்கு முதல் இரண்டு நாளும் விடுதிக் கட்டிலிலேயே கழிந்துவிடும்.

முதுகுப் பையோடு கிழக்கிலிருந்து பேருந்தில் வருகிறவருக்கு இந்த அவதி குறைவு. சாந்தா குரூஸ் 400 மீட்டர் சொச்ச உயரத்தில், வெக்கையடிக்கும் சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இரவுப் பேருந்து மலைகளை வளைந்து வளைந்து ஏறி, 2,800 மீட்டரில் இருக்கும் சூக்ரேயில் கொண்டுவந்து விடும். அடுத்த ஊரான போத்தோசி 4,000 மீட்டருக்கும் மேலே. நடுவில் 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம்தான். ஆனால் 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்க வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கை இந்த மூன்று மணி நேரம் ஒரேயடியாக உடைத்துவிடுகிறது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் சூக்ரேயில் நாலைந்து நாள் தங்கிவிடுகிறார்கள்.

அந்த நாட்கள் வீண்போவதில்லை. அரசியல் சட்டப்படி நாட்டின் தலைநகரம் இதுதான். 1825 ஆகஸ்ட் 6 அன்று விடுதலை அறிவிக்கப்பட்ட மண்டபம் இங்கே இருக்கிறது. ஊருக்கு வெளியே, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடத்தில், செங்குத்தான பாறைச் சுவர் முழுக்க டைனோசர்களின் காலடித் தடங்கள், ஐயாயிரத்துக்கும் மேல். அவை சுவரில் ஏறி நடக்கவில்லை. அன்று தரையாகக் கிடந்த சேற்றை, மலை எழும்பியபோது பூமி தூக்கி நிறுத்திவிட்டது. ஆண்டிஸ் எப்படி உயர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் இல்லை.

பிறகு போத்தோசி.

பேருந்து நிலையத்தில் ஆள்பிடிக்கிறவர்கள் ஊர்ப்பெயரை இழுத்து இழுத்துக் கூவுவார்கள். வண்ணக் கோடு போட்ட துணியில் மூட்டையையோ பிள்ளையையோ முதுகில் கட்டிய பெண்கள் ஏறுவார்கள். யாராவது கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல, இந்த இலைக்குச் செடிச் சாம்பலில் செய்த காரக்கட்டி. சாறு இறங்க அதுதான் துணை. 2009-இல் வந்த பொலிவிய அரசியல் சட்டம் கோக்காவை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பாதுகாக்கிறது.

போத்தோசியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் முடிவில் ஒரு செந்நிறக் கூம்பு நிற்கும். அதுதான் செர்ரோ ரிக்கோ, செல்வ மலை. 1545-இல் அங்கே வெள்ளி கண்டார்கள். 1600-களின் தொடக்கத்தில் இந்தக் குளிர்க்காட்டில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். விலைமதிப்பில்லாத ஒன்றை 'ஒரு போத்தோசி பெறும்' என்று ஸ்பானிய மொழியில் சொல்வது அப்போது பிறந்த வழக்கு. அந்த வெள்ளியை வெட்டியெடுக்க, 'மித்தா' என்ற முறையில் தொலைதூர மலைக் கிராமங்களிலிருந்து ஆண்களை முறைவைத்து இழுத்துவந்தார்கள். திரும்பிப் போகாதவர்கள் எண்ணற்றோர்.

இங்கே பேசப்படும் கெச்சுவா மொழியில் 'ஞாவ்பா' என்றால் எதிரே, கண்ணுக்கு நேரே என்று பொருள். பழங்காலத்துக்கும் அதே சொல்தான். முதுகுப் பக்கத்தைச் சொல்லும் 'கிப்பா', வரப்போகும் காலத்தையும் சொல்லும். தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்முன் நிற்பதும் முன்னோர் காலமும் நமக்கும் ஒரே 'முன்'தான். போத்தோசியில் அந்தச் சொல்லுக்கு உருவமே இருக்கிறது. நடந்து முடிந்தது எல்லாம் தெருமுனையில் எதிரே நிற்கிறது.

முடிந்தும் போகவில்லை. தொழிலாளர்கள் கூட்டுறவுக் குழுக்களாக இன்றும் அந்த மலையைக் குடைகிறார்கள். குடைந்து குடைந்து உச்சியே உள்வாங்குகிறது. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஊரை, 2014-இல் அபாயப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்துவிட்டது. பயணிகளைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போக வழிகாட்டிகள் உண்டு. கோக்கா இலையும் குளிர்பானமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் படமெடுத்துக்கொண்டு வருகிறவர்கள், அது ஒருவர் பிழைக்கும் இடம் என்பதை மறக்கக் கூடாது. பயணியின் மூச்சு மூன்றே நாளில் பழகிவிடும். பாறைத் தூசி படிந்த சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் மீள்வதே இல்லை. இந்த ஊரில் மூச்சு வாங்குகிறது என்று புலம்ப வாய் வராது.

மாலையில் 'களாபுர்க்கா' குடிக்கலாம். மக்காச்சோள மாவுக் கூழில் பழுக்கக் காய்ந்த கல்லைப் போட்டுத் தருவார்கள். மேசைக்கு வந்த பிறகும் தளதளவென்று கொதிக்கும். தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் உயரத்தில் அந்தச் சூடு பெரிய ஆறுதல்.

போத்தோசிக்கு அடுத்து வரும் ஊயுனியின் உப்புப் பாலைவனம், பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த வெண்மை, எல்லாரும் படத்தில் பார்த்ததுதான். நேரில் படத்தைவிடப் பெரிது; அவ்வளவே சொல்லலாம். அங்கிருந்து வடக்கே போகும் சாலையில் 'புளோக்கேயோ' வந்தாலும் வரும். கோரிக்கை வைத்து மக்கள் கல்லைப் போட்டு மறித்துவிடுவார்கள். பயணிகள் இறங்கி, பையைச் சுமந்து மறியலைக் கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வேறு வண்டியில் ஏற வேண்டும். சூக்ரேயில் தங்கிய நாட்களின் அருமை அப்போது கால்களுக்குத் தெரியும்.

லா பாஸைத் தாண்டி, திதிகாக்கா ஏரியின் தீக்கினா நீரிணையில் பாலம் கிடையாது. பேருந்து மரத் தெப்பத்தில் ஏறிக்கொள்ளும், ஆட்கள் சிறு படகில் போவார்கள். கரையில் பொலிவியக் கடற்படை முகாம். 1879-இல் மூண்ட போரில் சிலியிடம் கடற்கரையை இழந்த நாடு, கடற்படையைக் கைவிடவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்கள் போதவில்லையென்றால் கடைசியில் ஓர் ஊரை விட்டுவிடுங்கள். சூக்ரேயில் தங்கும் நாட்களை மட்டும் குறைக்காதீர்கள்.