வளைந்த வேருக்கு எந்த அரம்?

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஒரு லாபம் உண்டு. இங்கிலீஷில் ஆபீஸ் கோப்பும் ஃபைல்தான், இரும்பை ராவுகிற அரமும் ஃபைல்தான். பிரெஞ்சில் கோப்புக்கு ‘தொசியே’, அரத்துக்கு ‘லீம்’. அதனால், ரூட் கேனால் செய்ய ஃபைல் ஃபைலாக மாற்றிப் போட வேண்டும் என்று பல் டாக்டரம்மா சொன்னபோது, குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய நான் சிவப்பு நாடாவை நினைக்கவில்லை. அரத்தைத்தான் நினைத்தேன்.

விஷயம் என் கீழ்க்கடைவாய்ப் பல். இடது பக்கம் மெல்லுவதற்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். எக்ஸ்ரேயில் அதன் முன்வேர் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. சாதாரண எஃகு அரங்களால் கையாலேயே செய்யலாம், இல்லாவிட்டால் மெஷினில் சுழலும் நிக்கல் டைட்டானியம் அரங்களால் செய்யலாம், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகும் என்றார். வீட்டில் சம்சாரம், “இந்த வயசுல எதுக்கு இம்புட்டுச் செலவு? புடுங்கிப் போட்டிர வேண்டியதுதான?” என்றாள். பிடுங்கினால் அந்தப் பக்கத்துக்குச் சாப்பாடு முடிந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கு உதவும்.

பல்லின் வேருக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் போகும் சந்து ஒன்று உண்டு. அது அழுகிப் போனால் சுத்தம் செய்து, சுவரை ராவி, மருந்துத் தண்ணீரால் கழுவி, கட்டபெர்ச்சா என்ற மரப்பால் குச்சியால் அடைக்க வேண்டும். அரத்தின் நுனி நம்பர் 10 என்றால் 0.10 மில்லிமீட்டர், 15 என்றால் 0.15. பிடியின் நிறத்தைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடலாம்: 10 ஊதா, 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு.

வேர் நேராக இருந்தால் எந்த அரமும் சரிதான். 1971-ல் ஷ்னைடர் என்பவர் வளைவை அளக்க ஒரு முறை சொன்னார். 5 டிகிரிக்குள் நேர், 10 முதல் 20 வரை நடுத்தரம், 25-க்கு மேல் கடும் வளைவு. எஃகு அரத்தின் நம்பர் ஏற ஏற விறைப்பும் ஏறும். விறைத்த கம்பி வளைவுக்குள் போனால் நிமிரத்தான் பார்க்கும். நுனிப்பக்கம் வளைவின் வெளிச்சுவரைத் தின்று, படி மாதிரி வெட்டிவிடும். அப்புறம் அசல் வழி கிடைக்காது. சில சமயம் வேரே ஓட்டையாகிவிடும்.

1838-ல் அமெரிக்காவில் எட்வர்ட் மேனார்ட் என்பவர் கடிகார ஸ்பிரிங்கிலிருந்து இப்படியொரு கருவி செய்தாராம். பிரான்சில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன பெசன்சோன் நகரத்தில்தான், இந்த அரங்கள் செய்யும் மைக்ரோ-மெகா கம்பெனியும் இருக்கிறது. கடிகாரம் செய்த கைக்குப் பல் அரம் பெரிய காரியமில்லை போலும். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் உலோகம் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பல்லை வரிசைப்படுத்த அந்தக் கம்பியைப் பயன்படுத்தி வந்தார்கள். 1988-ல் வாலியா என்ற டாக்டரும் அவருடைய இரண்டு சகாக்களும் அதிலிருந்தே அரம் செய்து காட்டினார்கள். அதே அளவு எஃகு அரத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாக வளைந்தது. வளைத்து விட்டால் பழையபடி நிமிரும், ஆனால் எஃகு மாதிரி சுவரை முட்டித் தள்ளாது. வேரின் இயல்பான வளைவைக் காப்பாற்றுவதில் இதுதான் மேல்.

அதற்காக எஃகைத் தள்ளிவிட முடியாது. எஃகு அரத்தின் நுனியை டாக்டர் முன்கூட்டியே வளைத்து, இடுக்கில் வழி தேடலாம். சாதாரண நிக்கல் டைட்டானியம் அப்படி வளைந்து நிற்காது. பின்னால் வந்த, சூட்டில் பதப்படுத்திய வகைகள்தான் நிற்கும். இன்னொன்று, எஃகு அரம் ஒடியும் முன் முறுக்கு அவிழ்ந்து காட்டிக்கொடுக்கும். மற்றது வளைவில் சுழன்று சுழன்று களைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டு வேருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஓர் அரத்தை இத்தனை தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கணக்கு வைக்கிறார்கள்.

என் பல்லுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. முதலில் ஊதாப் பிடி எஃகு அரத்தால் கையாலேயே பொறுமையாக வழி கண்டார். பிறகுதான் மெஷின். இரண்டு உட்காரலில் முடிந்தது. மேலே தொப்பியும் போட்டாயிற்று. இப்போது இடது பக்கம் முறுக்கு கடிக்கிறேன். சம்சாரம் பார்த்தும் பாராத மாதிரி இருக்கிறாள்.

வயதாகிவிட்டதே என்று ஆடாத பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள். எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள்: வேர் எவ்வளவு வளைவு? எந்த அரம் போடப் போகிறீர்கள்? அது புதுசா, ஏற்கெனவே எத்தனை பல் பார்த்தது? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.