அலுமாரியில் உறங்கும் இறுவட்டுகள்

தென்மராட்சியிலே கலியாண இறுவட்டு ஒன்றேனும் இல்லாத வீடு அரிது. 2000ஆம் ஆண்டுப் போரிலே சாவகச்சேரி நகர் சிதைந்து, மக்கள் இடம்பெயர்ந்தபோது, பழைய படங்களை இழந்த குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பின்னாளில் எடுத்த ஒளிப்பதிவுகளே பெருஞ்செல்வமாயின. ஆனால், இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இறுவட்டை இடுவதற்கு வழியே இல்லை. ஆதலின், வழியுள்ள கணினி கிடைக்கும்போதே பிரதி எடுத்துவைத்தல் நம் கடனாகும்.

அதிலே ஒரு நுட்பம் உண்டு. எம் மாணவி ஒருத்தி, மறைந்த தந்தையார் பாடிய தேவாரங்கள் அடங்கிய இறுவட்டைக் கடையொன்றிற் கொடுத்துப் பிரதி பெற்றாள். கோப்புகள் இருந்தன, குரல் இல்லை. காரணம் யாதெனில், பாட்டு இறுவட்டிலே உண்மையிற் கோப்பு என்பதே கிடையாது. வின்டோஸ் காட்டும் ‘சி.டி.ஏ.’ கோப்பு வெறும் 44 பைட்டு. பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கூறும் முகவரி மாத்திரமே. முகவரியை எழுதிவந்தவன் வீட்டையே கொண்டுவந்தவன் ஆவானா? நல்ல காலம், அவள் மூல இறுவட்டை எறியவில்லை. ஒலியையே வாசித்துக் கோப்பாக்கும் மென்பொருளைக் கொண்டு நாம் மீண்டும் எடுத்தோம். முதற் பாட்டு ஒலித்ததும் அவள் கண்கலங்கினாள்.

டி.வி.டி.யின் இயல்பு வேறு. படமும் ஒலியும் ‘வி.ஓ.பி.’ கோப்புகளிலே துண்டு துண்டாக இருக்கும். அவற்றை ஓட்டும் ஒழுங்கைச் சிறிய ‘ஐ.எஃப்.ஓ.’ கோப்பு கூறும். அதன் மாற்றுப் பிரதியே ‘பி.யு.பி.’. சிறியவை வேண்டாமென்று விட்டுவிட்டால் ஒழுங்கு குலையும். கோப்புறை முழுவதையும் எடுக்க வேண்டும். அன்றேல் இறுவட்டு முழுவதையும் ‘ஐ.எஸ்.ஓ.’ படிமமாக்க வேண்டும்.

பழைய வீ.சி.டி.க்கு அந்தப் படிமமும் பொருந்தாது. தரவு இறுவட்டின் ஒவ்வொரு கூறும் 2048 பைட்டும், அதனுடன் பிழைதிருத்தும் குறிப்பும் கொண்டது. வீ.சி.டி.யின் படக்கூறோ அக்குறிப்பின் இடத்தையும் படத்துக்கே தந்து 2324 பைட்டு கொள்ளும். ஆதலால் கீறல் பட்டால் சாதாரணப் பிரதி இடைநடுவில் நின்றுவிடும். அதனை ‘பின்’, ‘கியூ’ என்னும் இரட்டைக் கோப்பாக எடுத்தலே முறை.

எடுத்த பிரதியை முதலிலிருந்து முடிவுவரை ஓட்டிப் பாருங்கள். ஒன்றை வீட்டிலும், மற்றொன்றை வேறூரில் உள்ள உறவினரிடத்தும் வையுங்கள். அதன் பின்னரும் மூலத்தை எறியாதீர்கள். வீட்டை மீண்டும் கட்டிக்கொண்டோம். போன குரலைக் கட்ட இயலாது.