அஞ்சாங்கிளாஸ், கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்

இங்க நியூஜெர்சியில பிள்ளைய கத்தோலிக்கப் பள்ளியில அஞ்சாவது சேர்க்கப் போறீங்களா மக்களே? போன வருஷம் எங்க பொண்ணு முடிச்சா. நாங்க முருகன் கோஷ்டி, அதனால நம்மாளுங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கணக்கெல்லாம் மத்த பள்ளி மாதிரிதான். பகுதி வேற வேறயா இருக்குற பின்னக் கூட்டல் நம்ம உயிரை எடுக்கும். சமூக அறிவியல்ல காலனிகள், 1776, சுதந்திரப் போர்.

மத வகுப்பு தினமும் உண்டு. பரீட்சை, மார்க் எல்லாம் உண்டு. அஞ்சாவதுல முக்கியமா ஏழு திருவருட்சாதனங்கள்: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம். நம்ம பொண்ணு நூத்துக்கு நூறு!

சிக்கல் வாராந்தரப் பூசையிலதான். கூட்டாளிங்க ரெண்டாவதுலயே புதுநன்மை வாங்கியிருப்பாங்க. நம்ம பிள்ளைங்க வரிசையில போயி ரெண்டு கையையும் மார்புல குறுக்கா வச்சுக்கணும், ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் குடுப்பார். சின்ன வகுப்புல இது உறைக்காது. பத்து வயசுல உறைக்கும்.

"அப்பா, ஏழும் எனக்குத்தான் நல்லாத் தெரியும். எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

தெரிஞ்சா போதாதும்மா, நம்பணும்னேன்.

"அப்ப நாம எதை நம்பறோம்?"

(ஙே!) பள்ளியில மதம் மாறச் சொல்லி யாரும் வற்புறுத்தல, அதையும் சொல்லணும். ஆனா இந்தக் கேள்வி வீட்டுக்கு வரும். சஷ்டி, விரதம்னு ஏதோ சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன். இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா.

சாம்பல் புதனுக்குத் தடையில்ல, யாரும் பூசிக்கலாம். நெத்தியில சிலுவையோட வந்து நின்னா. படத்தை ஊருக்கு அனுப்பினோம். பாட்டி கேட்டது ஒண்ணுதான்: "விபூதி ஏன்டா கறுப்பா இருக்கு?" :-)