பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளுக்கென்று பெற்றோர் சேர்த்து வைக்கும் சொத்துக்கள் பலவிதம். பெண் குழந்தையைத் தொட்டிலில் போடும் முன்பே நகைச் சீட்டுக் கட்ட ஆரம்பிக்கும் தாய்மார்கள் உண்டு. பையன் பேரில் பாங்கியில் பணம் போட்டு, அந்தப் பாஸ் புத்தகத்தை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து மகிழும் தகப்பனார்கள் உண்டு. இவை தவிர, பெட்டியில் பூட்டி வைக்க முடியாத ஒரு சொத்தும் அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது. "நீ கொஞ்சம் பெரியவளாகட்டும், உன்னை அங்கே அழைத்துப் போகிறேன்" என்று சொல்லி வைத்திருக்கும் ஒரு பிரயாணம்! ஒருவருக்கு அது குற்றாலம். இன்னொருவருக்கு நீலகிரி மலை ரயில். எனக்குப் பாம்பன் பாலம்.

"பாலத்தில் போய் என்ன இருக்கிறது? ரயில் போகும், வரும்" என்பார் என் கணவர். அவர் கோயமுத்தூர்க்காரர். கடலைச் சினிமாவில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டந்தான்.

மண்டபத்துக்கும் ராமேசுவரம் தீவுக்கும் நடுவே கடல் குறுக்கிடுகிறது. அதன் மேல் இரண்டு கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்துக்குப் பாலம் கட்டி, 1914 பிப்ரவரியில் ரயில் விட்டார்கள். அந்த நாளில் எழும்பூர் ஸ்டேஷனில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கலாம். 'போட் மெயில்' பாம்பனைக் கடந்து, தீவின் கிழக்குக் கோடியிலுள்ள தனுஷ்கோடி வரை போகும். அங்கே கப்பல் காத்திருக்கும். தலைமன்னாரில் இறங்கினால் மறுபடியும் ரயில். எங்கள் கொள்ளுத் தாத்தா கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் எங்கள் வீட்டில் சிலோனுக்குப் போவதைப் பற்றி ஏதோ மதுரைக்குப் போய் வருவது போலத்தான் பேசுவார்கள்.

பாலத்தின் நடுவில்தான் விசேஷம். கப்பலுக்கு வழி விடுவதற்காக இரண்டு பெரிய இரும்புக் கதவுகள் இருந்தன. படுத்திருக்கும் கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நின்று கையாலேயே நெம்பித் தள்ள, இரண்டும் இரு புறமும் மெள்ள மெள்ள எழுந்து நிற்கும். ஷெர்சர் என்ற அமெரிக்க எஞ்சினீயர் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

1999-ல், என் ஒன்பதாவது வயதில், இந்தப் பாலத்தின் மேல் போனேன். போனேன் என்றுதான் சொல்லலாம். பார்த்தேன் என்று சொல்ல முடியாது. அப்போது மீட்டர் கேஜ் வண்டி. பாலத்தில் ஆமை வேகந்தான். கைப்பிடிச் சுவர் கிடையாது. எட்டிப் பார்த்தால் பாலமே கண்ணில் படாது, நேரே கீழே தண்ணீர். என் அண்ணன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றான். என்னைப் பாட்டி மடியில் அமுக்கிப் பிடித்து, "பெண் பிள்ளை பயந்துக்கும்" என்று புடவைத் தலைப்பால் முகத்தை மூடிவிட்டாள். எனக்குக் கிடைத்தது சக்கரம் இரும்பில் உருளும் சத்தமும், பாட்டியின் புடவையில் மணத்த விபூதியுந்தான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் என் அண்ணன், "நீதான் பார்க்கவே இல்லையே!" என்று சொல்லிக் காட்டினான் தெரியுமா?

ஆகவே எனக்கு ஒரு பெண் பிறந்தபோதே தீர்மானித்துவிட்டேன். அவள் முகத்தை யாரும் மூடக் கூடாது.

ஆனால் அவளுக்கு விவரம் தெரிகிற வயது வந்தபோது பாலத்துக்கு வயதாகிவிட்டது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வண்டிகள் மண்டபத்தோடு திரும்பின. பக்கத்திலேயே புதுப் பாலம் எழும்பி, 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். என் பெண்ணுக்கும் ஒன்பது வயதாயிற்று. என் கணவருக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. தாயும் மகளுமாகக் கிளம்பினோம்.

என் மாமியார் புளிச்சாதமும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "கண்ணு, அந்த ரயிலு முழுகுன கதையை மட்டும் குழந்தைகிட்டச் சொல்லிப் போடாதே. ராத்திரியில பயந்துக்குவா." 1964-ல் அவருக்கு ஏழு வயது. ரேடியோவில் அந்தச் செய்தி வந்தபோது பெரியவர்கள் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறதாம். "சரிங்க அத்தை" என்றேன். மனத்துக்குள் அத்தனை நிச்சயமில்லை.

விடியற்காலையில் மண்டபம் தாண்டியதும் அவளை எழுப்பி ஜன்னலில் உட்கார வைத்தேன். இரு புறமும் கடல். கிழக்கே மங்கலான செம்மை. மீன் படகுகள் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்தன. நான் நெஞ்சு படபடக்க அவள் முகத்தையே பார்த்தேன். அவளோ தலையை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பாலத்தின் நடுவில் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரங்கள் அவள் கண்ணை இழுத்துவிட்டன.

"அம்மா, எது மேலே போகும்?"

"இப்போது நாம் போய்க்கொண்டிருக்கிறோமே, இதுதான்!"

இதில் கதவு போலத் திறக்கிற சமாசாரம் இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத் துண்டு தண்டவாளத்தோடு கூட, கிணற்று வாளி போல நேர் மேலாக 17 மீட்டர் எழும்புகிறது. எதிர்ப் புறம் எடைக் கட்டைகள் தொங்குவதால் மோட்டாருக்கு அதிக சிரமமில்லை. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் பாம்பன் ஸ்டேஷன் வந்துவிட்டது. பழைய வண்டி கால் மணி நேரம் ஊர்ந்த தூரத்தைப் புது வண்டி சில நிமிஷத்தில் கடந்துவிட்டது.

"பயமாக இருந்ததா?" என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றாள்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் சேர்த்து வைத்திருந்த பயத்தை அவள் வாங்கிக்கொள்ளவே இல்லை. நகையாக இருந்தால் அழித்தாவது வேறு செய்து போடலாம்!

ராமேசுவரம் கோயிலையும் தீர்த்தங்களையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அப்துல் கலாம் பிறந்த வீட்டைப் பார்த்தோம். யுத்த காலத்தில் ராமேசுவரத்தில் வண்டி நிற்காதபோது, ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தள்ளிவிடுவார்களாம். சிறுவன் கலாம் அவற்றைப் பொறுக்கிக் கொடுத்துச் சம்பாதித்தானாம். இதைக் கேட்டதும் என் பெண்ணுக்குக் கலாமிடம் தனி மதிப்பு ஏற்பட்டுவிட்டது. ராக்கெட் விட்டதற்காக அல்ல, பத்திரிகைக் கட்டைப் பிடித்ததற்காக.

மத்தியானம் தனுஷ்கோடி. முன்பெல்லாம் மணலிலும் தண்ணீரிலும் வேன்காரர் குலுக்கிக் குலுக்கி அழைத்துப் போவார். 2017 முதல் முனை வரைக்கும் தார் ரோடு. வலது புறம் மன்னார் வளைகுடா அலை அடிக்கிறது. இடது புறம் பாக் ஜலசந்தி குளம் போலக் கிடக்கிறது. ஒன்று ஆண் கடல், மற்றது பெண் கடல் என்பார்கள் அந்தப் பக்கத்தில். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெண் கடல்தான் சீறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழியில் தேங்கியிருந்த நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஒற்றைக் காலில் நிற்கும் அந்தப் பறவைகளைப் பார்த்து என் பெண்ணும் ஒற்றைக் காலில் நின்று விழுந்தாள்.

ஊர் இருந்த இடத்தில் கூரையில்லாத மாதா கோயில், ஸ்டேஷனின் மிச்சச் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி. பவளப் பாறையை வெட்டிக் கட்டிய சுவரில் இன்னும் பூக்கோலம் போல வரிகள் தெரிகின்றன. சுற்றிலும் மீனவர் குடிசைகள். ஓலைப் பந்தலில் சங்கும் சிப்பியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மாளிடம் என் பெண், "பாட்டி, இங்கே குடிக்கத் தண்ணி எங்கேருந்து வரும்?" என்று கேட்டாள்.

"வா தாயி, காட்டுறேன்" என்று எழுந்தார் அந்த அம்மாள்.

குடிசைக்குப் பின்னால் மணலில் ஓர் இடத்தைக் காட்டி, கையில் கொட்டாங்கச்சியைக் கொடுத்தார். கூப்பிடு தூரத்தில் கடல் இரைகிறது. என் பெண் முழங்காலிட்டுத் தோண்டினாள். முழங்கை ஆழம் போனதும் மணல் ஈரமாயிற்று. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் தண்ணீர் ஊறியது. "தெளியட்டும். இப்பக் குடிச்சுப் பாரு." அவள் குடித்தாள். கண்கள் அகன்றன. "அம்மா! உப்பே இல்லை!"

மழை ஜலம் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு ஜலத்தின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் கனம் குறைந்ததாயிற்றே! பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும். பாட்டியம்மாள் இதை இரண்டே வார்த்தையில் சொன்னார்: "மேலாப்புலதான் இனிப்பு."

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. "இந்த ஊர் ஏன் இப்படி ஆச்சு?"

மாமியாருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் கூரையில்லாத மாதா கோயிலை எதிரே வைத்துக்கொண்டு எதைச் சொல்லி மழுப்புவது? என் முகத்தை மூடிய புடவைத் தலைப்பும் நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. பெரும் புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு 653-ஆம் நம்பர் பாசஞ்சர் வண்டி வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஸ்டேஷனை நெருங்கும் இடத்தில் கைகாட்டி வேலை செய்யவில்லை என்றும், டிரைவர் சற்று நேரம் காத்திருந்து பார்த்து, ஊதிவிட்டு இருட்டில் மெதுவாக நகர்த்தினார் என்றும் சொல்கிறார்கள். கடல் எழும்பி வந்து வண்டியை மூடியது. ஒருவரும் மிஞ்சவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்து போனதால் வெளியுலகுக்குச் செய்தி போகவே நேரமாயிற்று. ஊரும் போயிற்று. அந்தப் புயலில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று பிறகு சர்க்கார் அறிவித்தது.

பாட்டியம்மாள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க மாமியா ராவெல்லாம் மணல் மேட்டுல ரெண்டு புள்ளையை இடுப்புல கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

என் பெண் வெகு நேரம் பேசவில்லை. கொட்டாங்கச்சியால் மணலைத் தள்ளிக் குழியை மூடினாள். பிறகு, "பாலம் என்னாச்சு?" என்றாள்.

பாலத்தில் 145 இரும்புத் துண்டங்களில் 126 போயின. நடுவிலுள்ள ஷெர்சர் கதவுகள் மட்டும் அசையாமல் நின்றன. ரயில்வேயில் ஆறு மாதம் கெடு வைத்தார்கள். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பேற்ற ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயருக்கு அப்போது வயது 32. கடலடியில் கிடந்த பழைய துண்டங்கள் மீனவர் ஒருவரின் தகவலால் தெரிய வந்தன. அவற்றைத் தூக்கி எடுத்து மாட்டி, 46 நாளில் பாலத்தில் ரயில் விட்டுவிட்டார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டில்லி மெட்ரோவும் போட்ட அதே ஸ்ரீதரன்தான்.

"46 நாள்தானா? நம் தெருவில் குழாய்க்குத் தோண்டின பள்ளம் போன வருஷத்திலிருந்து இருக்கே!" என்றாள் என் பெண். பாட்டியம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

குழந்தைகளோடு போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு விஷயம். தனுஷ்கோடியில் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். முனையில் கடலில் இறங்கவே கூடாது, இழுப்பு அதிகம். இருட்டிய பின் அங்கே தங்க அனுமதியில்லை. சங்கு விற்பவர்களிடம் பேரம் பேசுங்கள். ஆனால் ரொம்பப் பேசாதீர்கள்.

இராத்திரி வண்டியில் திரும்பினோம். பாம்பன் ஸ்டேஷன் தாண்டியதும் சக்கரத்தின் சத்தம் மாறிற்று. வெளியே ஒன்றும் தெரியவில்லை. தூரத்தில் படகு விளக்குகள் சில. என் பெண் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆனால் அவள் இடது கை பின்னால் வந்து, துழாவி, என் கையைப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கை சில்லென்றிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மண்டபம் வந்த பிறகுதான் விட்டாள்.

"அம்மா, முனையிலேருந்து பார்த்தோமே, அந்தப் பக்கம் சிலோன்தானே? அங்கே எப்போ போகலாம்?"

ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல் 1980-களில் இலங்கைப் போரினால் நின்றுவிட்டது என்று சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ல் ஒரு கப்பல் விட்டார்கள், இடையில் நின்று 2024-ல் மறுபடி புறப்பட்டது, அதில் வேண்டுமானால் போகலாம், ஆனால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமே என்றேன்.

"அதுக்கு என்ன வேணும்?"

"போட்டோ, பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் கையெழுத்து…"

"அப்பா கையெழுத்தைப் பாட்டியிடம் சொல்லி நான் வாங்கிடறேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த எள்ளுருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.