அரை ஆள் கூலி

எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஆள் எண்ணும்போது முழு ஆள், அரை ஆள் என்று கணக்கு வைப்பார்கள். வாடிப்பட்டி, சோழவந்தான் வட்டாரம் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளைகிற பூமி. வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வயலில் இறங்குகிறவள், பால் கொடுக்க ரெண்டு தடவை கரையேறினால் அன்றைக்கு அவள் அரை ஆள். நட்ட நாத்து என்னவோ முழு நாத்துதான். எங்கம்மா அப்படி அரை ஆள் கூலி வாங்கித்தான் என்னை வளர்த்தாள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். எங்கள் காலனியில் முதல் எம்.ஏ. இன்றைக்கு எனக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவன் ஒன்றாம் வகுப்பு. சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வயசு ஆகவில்லை. மதுரையில் ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குத் தமிழ் நடத்துகிறேன். எங்கம்மா காலத்தில் அரை ஆள் என்றார்கள். இப்போது பகுதிநேரம் என்கிறார்கள்.

இந்தப் பகுதிநேரத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். காலையில் ஏழரைக்கு பஸ். ஆரப்பாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ். பத்து மணிக்கு ஒரு வகுப்பு. அடுத்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு. நடுவில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்பவும் முடியாது. வீடு வந்து சேர மணி ஐந்தரை ஆகிவிடும். போனது பத்து மணி நேரம். சம்பளம் ரெண்டு மணி நேரத்துக்கு.

முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். தலைவி காத்திருப்பதை வரிவரியாக விளக்குகிறேன். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்துபோகும். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பேன். என்னுடைய இருத்தலுக்குச் சம்பளமும் இல்லை, இலக்கணமும் இல்லை.

மணிக்கு முந்நூறு ரூபாய் தருகிறார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் எழுதியது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எனக்கு. மே மாதம் கல்லூரி இல்லை, சம்பளமும் இல்லை. மே மாதத்தில் பிள்ளைகளுக்குப் பசிக்காது என்று நினைக்கிறார்களோ என்னமோ.

கேட்டால் ஒரே பதில்தான்: "பிள்ளைக்காரிக்கு இதுதானம்மா வசதி."

யாருக்கு வசதி? என் வசதியை எங்கம்மாவின் கூலியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்னவளைப் பார்த்துக்கொள்ள எங்கம்மா வீட்டில் இருந்தால் அவளுக்கு ஒரு நாள் கூலி போச்சு. என் பஸ் நேரம், வெளியே சாப்பாடு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு, லீவுக்குப் பிடித்தம். எல்லாம் போக மிஞ்சுவது எங்கம்மா இழந்த கூலியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஒரு எம்.ஏ. வேலை பார்ப்பதற்கு ஒரு களையெடுக்கிறவள் முதல் போடவேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராது.

"ஏன் தாயி, பக்கத்துலயே வீடு பாக்க வேண்டியதுதானே" என்று கேட்கிறவர்கள் உண்டு. பார்க்காமல் இல்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் ஏழெட்டு வீடு ஏறி இறங்கினேன். முதலில் ஊரைக் கேட்பார்கள். அப்புறம் தெருவைக் கேட்பார்கள். அப்புறம், "அசைவம் சாப்பிடுவீங்களா?" நேராகக் கேட்ட ஒருத்தர், "நீங்க என்ன ஆளுக?" என்றார். வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவும் அதையே வேறு மாதிரி கேட்டுவிட்டு, இடமில்லை என்று சொல்லிவிட்டார். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது பெரிய உதவிதான். ஆனால் சாதி என்னிடம் பிடுங்குகிற நாளொன்றுக்கு ரெண்டு மூன்று மணி நேரத்தை எந்த பஸ்ஸும் திருப்பித் தராது.

எங்கள் பெண்களுக்குக் கிடைக்கிற அரசாங்க வேலையிலும் இந்தப் பகுதிநேரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவுகிறவளும் பகுதிநேரம். பத்து வருஷம், இருபது வருஷம் அதே வாளி, அதே விளக்குமாறு, ஆனாலும் பகுதிநேரம். மத்திய நீர் ஆணையத்தில் அப்படித் துப்புரவு செய்த பெண்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். ஜக்கோ வழக்கு. 2024 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. ஒட்டிய பெயரைப் பார்க்காதே, செய்த வேலையைப் பார் என்று சொல்லி, அவர்களைப் பணி நிரந்தரம் செய்ய உத்தரவிட்டது கோர்ட்டு. அதற்கு அவர்கள் தங்கள் வாழ்நாளில் பாதியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிள்ளை வளர்ப்பது உன் சொந்தப் பிரச்சினை என்று நம்மிடம் சொல்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் அப்படிச் சொல்லவில்லை. 1928இல் பம்பாய் சட்டசபையில், ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்கான பிரசவகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நன்மைக்காக, ஆகவே அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் சுமக்க வேண்டும் என்றார். அடுத்த வருஷம் அது சட்டமானது. 2017இல் நாடு முழுமைக்குமான சட்டத்தைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றார்கள். நான் கல்லூரியில் போய்க் கேட்டேன். "நீங்க ஸ்டாஃப் இல்லையேம்மா" என்று சொன்னார்கள். ஊரில் அங்கன்வாடி இருக்கிறது, கைக்குழந்தையை அங்கே ஒப்படைக்க இடமில்லை.

ஆனால் எங்கம்மாவுக்கு ஒரு தடவை நியாயம் கிடைத்திருக்கிறது. 2005ஆம் வருஷத்து நூறுநாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி எழுதியிருந்தார்கள். வேலைத்தலத்துக்கு ஆறு வயசுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும், அவளுக்கும் கூலி உண்டு. கண்மாய் வேலையில் எங்கம்மாவை அதற்கு உட்கார வைத்தார்கள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து ஆச்சரியமாகச் சொன்னாள்: "பிள்ளை பாத்ததுக்குமா கூலி குடுக்குறாக! அம்புட்டும் முழு ஆள் கூலி தாயி." நாப்பது வருஷம் பிள்ளை பார்த்தவள், அது வேலைதான் என்று அன்றைக்குத்தான் அரசாங்கத்து வாயால் கேட்டாள். பள்ளத்தில் மண் வெட்டுகிற இடத்துக்கு எழுத முடிந்த விதியைப் படித்தவர்கள் நடத்தும் கல்லூரிக்கு எழுத முடியாதா?

வீட்டுக்குள் பேசாமல் வெளியே மட்டும் பேசினால் அது பாதி உண்மை. 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செய்கிறாள், ஆண் 88 நிமிடம் செய்கிறான் என்று வந்திருக்கிறது. அந்த 88 நிமிடத்தையும் எங்கள் இயக்கத் தோழர்கள் வீடுகளில் நான் பார்த்தது அபூர்வம். என் வீட்டுக்காரரும் தோழர்தான். நல்லவர்தான். பெண் விடுதலை பற்றிய கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு என்று நோட்டீஸ் போடுகிறார். எட்டு மணிக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன் என்பது நோட்டீஸ் எழுதும்போது ஞாபகத்துக்கு வருவதில்லை.

ஆகவே தோழர்களே, இரக்கம் வேண்டாம். "எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ" என்கிற பாராட்டும் வேண்டாம். காத்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம் வேண்டும். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசச் சம்பளம் வேண்டும். மணிக்கணக்குக்காரி பிள்ளைக்கும் சேர்த்துக் காப்பகம் வேண்டும். இதை நம் இயக்கத்தின் அடுத்த தீர்மானத்தில் நில உரிமைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் பக்கத்தில் எழுதுங்கள், கடைசி வரியில் அல்ல. கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பகலில் வையுங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். அன்றைக்கு அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதை ஆம்பளைத் தோழர்கள் முன்கூட்டியே பேசி முடிவுசெய்து நோட்டீஸில் பெயர் போட்டுவிடுங்கள்.