நார்த்தாமலை: சோழன் பெயரில் ஒரு முத்தரையர் கோயில்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போகிறவர்களின் கண்ணில், பாதி வழிக்கு மேல் தாண்டியதும் மொட்டைப் பாறைக் குன்றுகள் படும். பெரும்பாலோர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் குன்றுகளுக்கு நடுவேதான் நார்த்தாமலை இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரம்.

மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலை என்று இங்கே ஒன்பது குன்றுகள். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறி விழுந்த துண்டுகள் இவை என்பது ஊர்க்கதை. நாரதர் மலை என்பதே நார்த்தாமலை ஆனது என்பாரும் உண்டு. ஆனால், 'நகரத்தார் மலை' என்பதே மருவியது என்று சொல்லும் வரலாற்று ஆய்வாளர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. சோழர் காலத்தில் இது வணிகர் குழுக்கள் கோலோச்சிய ஊர்.

பார்க்க வேண்டியது மேலமலை. ஊரிலிருந்து சுனைகளைக் கடந்து சரிவுப் பாறையில் ஏற வேண்டும். ஏற்றம் கடுமையானது அல்ல, வெயில்தான் கடுமை. காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கிவிட்டால் குழந்தைகளும் தாத்தா பாட்டியும்கூடச் சிரமமின்றிப் போய்விடலாம். மேலே கடை கிடையாது. தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

மேலே போனதும், மேற்கு பார்த்து நிற்கிறது விஜயாலய சோழீஸ்வரம். 9-ம் நூற்றாண்டுக் கற்றளி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறையோ வட்டம். இரண்டுக்கும் இடையில் சுற்றி வர ஒரு குறுகிய வழி. தமிழகத்தில் அபூர்வமான அமைப்பு இது. சுற்றிலும் எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன, ஆறு மிஞ்சியிருக்கின்றன.

பெயரைக் கேட்டால் சோழ மன்னன் விஜயாலயன் கட்டியது என்றுதான் தோன்றும். ஆனால், வாசலில் துவாரபாலகரின் காலடியில் உள்ள கல்வெட்டு சொல்வது வேறு. கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் குலத் தலைவர். அது மழையில் சிதைந்தபோது எடுத்துக் கட்டியவர் மல்லன் விடுமன். பெரிய பேரரசின் பெயர் கோயிலில் ஒட்டிக்கொண்டது. கட்டியவரும் காப்பாற்றியவரும் கல்வெட்டு படிப்பவர்களுக்கு மட்டும் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் செல்ஃபி எடுக்கும் முன் அந்தக் கல்வெட்டருகே ஒரு நிமிடம் குனிந்து பார்க்கலாம்.

எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சிறியது பழியிலீஸ்வரம். பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடைந்தது. அவருடைய மகள் சிறிய நங்கை அதற்கு முன்மண்டபம் எழுப்பி, நந்தியும் வைத்து, நிலமும் கொடுத்திருக்கிறார். அப்பா தொடங்கியதை மகள் நிறைவு செய்த கதை! மண்டபம் இப்போது இல்லை. அதன் அடித்தளம் இருக்கிறது.

பெரிய குடைவரையின் பெயர் சமணர் குடகு. பெயரில் சமணம், உள்ளே நுழைந்தால் ஆளுயரத்தில் 12 திருமால் சிற்பங்கள் சுவரோரம் வரிசையாக நிற்கின்றன. 13-ம் நூற்றாண்டில் இது விண்ணகரமாக மாறியிருந்தது. கருவறை மட்டும் இன்று காலி. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். யானைகளும் யாளிகளும் வரிசை கட்டும் அடித்தளத்தைச் சின்னப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே நடப்பார்கள்.

இறங்கிய பிறகு முத்துமாரியம்மனைத் தரிசிக்கலாம். பங்குனித் திருவிழா சமயம் என்றால் கூட்டத்துக்குத் தயாராகப் போக வேண்டும். கடம்பர்மலை அடிவாரத்தில் ராஜராஜன் காலத்துச் சிவன் கோயிலும் உண்டு. மதியத்துக்கு மேல் சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று ஓடுகிறவர்கள் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை. அவற்றை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். மாலையில் மீண்டும் மேலமலைப் பாறையில் வந்து உட்கார்ந்தால், மேற்கு வெயில் நேராகச் சோழீஸ்வரத்தின் வாசலில் விழும்.