ஒரு கேள்விக்குறியின் கதை

சில மாதங்களுக்கு முன்னர், உறவினர் வீட்டு மரணச்சடங்கு ஒன்றுக்காகப் பெல்மதுளைக்குச் செல்ல நேர்ந்தது. இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை செல்லும் பாதையில், எம்பிலிப்பிட்டிய வீதி பிரியும் சந்தியைச் சுற்றி வளர்ந்த சிறுநகரம் அது. மாணிக்கக் குழிகளும் இறப்பர் மரங்களும் தேயிலை மலைகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் பிரதேசம். சடங்கு முடிந்து லயத்து வாசலில் அமர்ந்திருந்தபோது, ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான மூதாட்டி ஒருவர் தமது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்த்து இறுகிய தழும்புகள்.

“மருந்தடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்ட காலத்துல வந்தது ஐயா. மூணு வருஷம் சொரண்டியும் கையுமா நின்னோம். புல்லு இடுப்பளவு. அட்டை ஒரு பக்கம், பாம்பு ஒரு பக்கம். நீங்க பேப்பர்ல இருந்தவங்கதானே, அத எதுக்காக நிப்பாட்டுனாங்க?”

நான் உடனே பதில் கூறவில்லை. விடயம் தெரியாததனால் அன்று. அந்த விடையில் எனக்கும் ஒரு சிறு பங்கு இருந்தமையால்.

2014ஆம் ஆண்டு பெப்ரவரியில், சுற்றாடல் ஆய்வும் பொதுச் சுகாதாரமும் பற்றிய சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியோர் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக்க, பிரியந்த சேனாநாயக்க ஆகிய மூவர். அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் விவசாயிகளைக் காவுகொண்டுவந்த, காரணம் அறியப்படாத சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட் என்னும் களைநாசினியும், வன்னீரும், நச்சு உலோகங்களும் சேர்ந்து காரணமாகலாம் என்பது அதன் சாரம். அது ஒரு கருதுகோள். நோயாளரின் இரத்தத்தையோ கிணற்று நீரையோ புதிதாக அளந்து கண்ட முடிவு அன்று. கட்டுரையாளர்களும் அதனை மறைக்கவில்லை. தலைப்பையே ஒரு கேள்வியாக அமைத்து, இறுதியில் கேள்விக்குறியும் இட்டிருந்தனர்.

அக்கேள்விக்குறியை நீக்கியவர்களுள் நானும் ஒருவன். ஆங்கிலத்தில் வந்த செய்தியைத் தமிழாக்கி, “ஆய்வில் நிரூபணம்” என்று தலைப்பிட்டேன். மூலக் கட்டுரையை வாசிக்கவில்லை. ஆய்விதழில் வந்துவிட்டதல்லவா, நிபுணர்கள் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை. கருதுகோளை வெளியிடலாமா என்று பார்ப்பதும், அது உண்மை என்று சான்று வழங்குவதும் வேறு வேறு என்பதை அன்று நான் சிந்திக்கவில்லை.

2015 மார்ச்சில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் கிளைபோசேட்டை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. அதே ஆண்டில் இலங்கை அரசு நாடு முழுவதும் அதனைத் தடைசெய்தது. நோய் பெரிதும் வடமத்திய மாகாண நெல் விவசாயிகளைத் தாக்கியது. அந்தக் களைநாசினி தாராளமாகத் தெளிக்கப்பட்ட தேயிலை மலைகளிலோ அவ்வாறு பரவவில்லை. இதனை எடுத்துக்காட்டிய விஞ்ஞானிகளின் குரல் எடுபடவில்லை. மாற்றாகப் பயன்படுத்திய வேறொரு களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022இல் முற்றாக நீங்கியது. இடைப்பட்ட காலத்தின் கணக்கு அந்த மூதாட்டியின் கையில் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியாயின் களைநாசினிக் கம்பனிகள் சொன்னதுதான் சரியா? அங்கேதான் கதையின் மறுபாதி தொடங்குகிறது. 2000ஆம் ஆண்டில் வேறொரு ஆய்விதழில், வில்லியம்ஸ், குரோஸ், மன்றோ என்ற மூவர் பெயரில், கிளைபோசேட் மனிதருக்குத் தீங்கற்றது என்று ஒரு கட்டுரை வெளியானது. கால் நூற்றாண்டாக உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதனை எழுதுவதில் மொன்சாண்டோ கம்பனியின் ஊழியர்களே மறைவில் பங்குகொண்டிருக்கலாம் என்பதைக் காட்டும் மின்னஞ்சல்கள் 2017இல் அமெரிக்க நீதிமன்ற வழக்குகளின் வழியே வெளிவந்தன. ஆயினும் அவ்விதழ் கட்டுரையை மீளப்பெற்றது 2025ஆம் ஆண்டின் இறுதியிலேயே. அதற்குள் கட்டுரை பெற்ற வேலையை முடித்துவிட்டது.

ஒரு பக்கத்தில், கேள்வியாக வந்தது தீர்ப்பாக மாறியது. மறுபக்கத்தில், பொருளை விற்றவர்களின் கை பட்ட எழுத்து சுயாதீனமான தீர்ப்பாக வேடமிட்டது. முன்னதில் குற்றம் எங்களைப் போன்றோரிடமும் அரசியல்வாதிகளிடமும் உண்டு. பின்னதில் ஆய்வுலகின் உள்ளேயே உண்டு. யார் எழுதினார், யார் பணம் கொடுத்தார், எதனை அளந்தார், எதனை ஊகித்தார் என்பவற்றை ஒளிவின்றிச் சொல்வதே ஆய்விதழ் அறம். 1997இல் பிரித்தானிய மருத்துவ இதழாசிரியர்கள் தொடங்கிய வெளியீட்டு அறக் குழு முதல் பலரும் இவற்றை விதிகளாக வகுத்துள்ளனர். விதிகளுக்குக் குறைவில்லை. தவறு தெரிந்தபின் அதனை ஒப்புக்கொள்ள எட்டு ஆண்டுகள் எடுப்பதே குறை.

பத்திரிகைகளாகிய நாம் மட்டும் விரைவானவர்களா? நமது திருத்தம் உள்பக்க மூலையில் நான்கு வரியில் வரும். எனது செய்திக்கு அந்த நான்கு வரியும் வரவில்லை.

அந்தச் சிறுநீரக நோயின் காரணம் குறித்து ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை. மருந்து தெளித்தோர் முகமூடியோ கையுறையோ இன்றி உழைத்ததும் உண்மை. ஆகவே தடையே தவறு என்று இன்னொரு அவசரத் தலைப்பை இட நான் விரும்பவில்லை. நடந்தவற்றை இயன்றவரை எளிமையாக மூதாட்டிக்கு விளக்கினேன். பொறுமையுடன் கேட்டவர், இறுதியில் ஒன்று கேட்டார்.

“அப்ப, தெரியலைன்னு ஒருத்தரும் எழுத மாட்டீங்களா ஐயா?”

பத்திரிகைத் தொழிலில் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி. அதற்கான விடையாகவே, மிகத் தாமதமாக, இதனை எழுதுகிறேன்.